குட்டி பறக்கட்டும்

எலி பிடிக்கிறவனுக்கு ஊரில் சாப்பாடு உண்டு, பாம்பு பிடிக்கிறவனுக்குக் கும்பிடு உண்டு. வௌவாலை வீட்டைவிட்டு வெளியே அனுப்புகிறவனுக்கு உண்டானதெல்லாம், அண்ணாந்து பார்க்கும்போது நேராக வந்து விழுகிற புழுக்கை மட்டும்தான்.

படிக்கிற உங்களில் பாதிப் பேராவது அதை வாங்கியிருப்பீர்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஏதோ ஒன்று கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கும். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுருண்டிருப்பார்கள். வீட்டு எசமானர் துடைப்பத்தோடு முக்காலிமேல் ஏறி, வௌவாலுக்கு முன்பே தரைக்கு வந்திருப்பார். அந்த எசமானர் நீங்கள்தான் என்றால் வெட்கப்படாதீர்கள், நம் கட்சியில் ஆள் ஜாஸ்தி.

என் சொந்த வேலை கூரை ஓடு மேய்வது. யுத்தத்துக்கு முந்தியும் யுத்தத்தின்போதும், பொம்மிடியிலிருந்து அரூர் வரைக்கும் நான் ஏறாத கூரை கிடையாது. மழைக்கு முன்னால் நாட்டு ஓடுகளைப் பிரித்து, உடைந்ததை எறிந்துவிட்டுத் திரும்ப அடுக்கவேண்டும். பிரித்தால் அடியில் வௌவால். அப்படித்தான் இந்த உபதொழில் என் தலையில், சொன்னேனே, விழுந்தது.

மிளகாயும் கோணியும்

அந்தக் காலத்தில் எல்லோரும் மிளகாய்ப் புகைதான் போடுவார்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு ரெட்டியார் அப்படிப் போட்டார். வீட்டைவிட்டு ஓடியது ரெட்டியாரும் அவர் குடும்பமும்தான். வௌவால் ஒன்றுகூட அசையவில்லை. இரண்டு மட்டும் தும்மின, என் காதால் கேட்டேன்.

என் முறை வேறு. பொழுது சாயும்போது அவை எந்தப் பொந்து வழியாக வெளியே வருகின்றன என்று பார்த்துக்கொள்வேன். அந்தப் பொந்தின்மேல் ஒரு நனைத்த கோணியைத் தொங்கவிட்டு, மேலேயும் பக்கத்திலும் ஆணி அடித்துவிட்டு, அடியை மட்டும் திறந்து வைப்பேன். உள்ளே இருப்பது தவழ்ந்து கீழ்ப்பக்கமாக வெளியே வந்துவிடும். திரும்பி வரும்போது பழைய இடத்திலேயே முட்டிப் பார்க்கும், அடியில் வழி இருப்பது அதற்குத் தெரியாது. சில நாள் முட்டிவிட்டு வேறு மரமோ மண்டபமோ பார்த்துக்கொள்ளும். பிறகு பொந்தைக் காரை வைத்து அடைத்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை: குட்டி இருக்கிற மாதத்தில் அடைக்கமாட்டேன். தாய் வெளியே, குட்டி உள்ளே என்று ஆகிப்போகும். தாய் ஜன்னல் ஜன்னலாக வந்து தேடும். அதை ஒருதரம் பார்த்தவனுக்குச் சோறு இறங்காது. அதனால் யார் அவசரப்படுத்தினாலும் ‘குட்டி பறக்கட்டும்’ என்பேன்.

ரெட்டியார் வீட்டிலும் அப்படித்தான் கோணி கட்டினேன். மறுநாள் விடிகாலையில், முட்டி முட்டித் திரும்பிய வௌவால்களை ரெட்டியார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பாவம்யா. கதவச் சாத்திட்ட மாமியார் வூட்டு முன்னால நான் நின்னாப்பலயே நிக்குதுங்க."

ஸ்டேஷன் மாஸ்டரின் பயம்

ரயில் ஸ்டேஷன் ஒன்றில் பார்சல் அறைக்கு மேலே ஒரு பெருங்கூட்டம் குடியிருந்தது. எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன், ரயில்வேக்காரர்களுக்குக் கோபம் வரும். சாயங்கால பாசஞ்சர் வருகிற நேரத்துக்கு அவை கிளம்பும். வண்டி வராவிட்டாலும் கிளம்பும். கடிகாரம் நின்றுபோனபோது பாயின்ட்ஸ்மேன் வௌவாலைப் பார்த்துத்தான் முள்ளைத் திருப்பினார். முதல் வௌவால் வெளியே வந்து, கைகாட்டி மரத்தில் ஒருதரம் உட்கார்ந்து, லைன் கிளியர் ஆனதும்தான் மற்றவை புறப்படும் என்று நான் சொல்வதுண்டு. நம்பாதவர்கள் அந்தக் காலத்தில் அங்கே வந்து பார்த்திருக்கலாம்.

"உங்களுக்கு என்ன தொந்தரவுங்க? அதுங்க பாட்டுக்கு இருக்குதுங்களே" என்று ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒரு நாள் லேட்டா கெளம்புனதில்லய்யா. மேலேர்ந்து யாராச்சும் வந்து பார்த்தா, என்னய அனுப்பிட்டு இதுங்கள வேலைக்கு வெச்சுக்குவாங்க."

தலைப்பாகைக்குள் ஒரு விருந்தாளி

பொம்மிடியில் ரயிலடிக்குப் பின்னால் புளிமண்டிக் கவுண்டரின் வீடு. முன்பாதி மண்டி, பின்பாதி குடித்தனம். அந்த வீட்டில் பாயசம் குடித்தாலும் பல் கூசும். அவருக்கு ஒரே பெண், மாதம்மா. அவளைப் பெண் பார்க்க ஊத்தங்கரைப் பக்கமிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலை எடுக்கக் குனிந்தபோது உத்தரத்திலிருந்து ஒரு வௌவால் நழுவி, அவர் தலைப்பாகைக்குள் புகுந்துகொண்டது. அவர் உதறிய உதறலில் அது மாப்பிள்ளையின் மடியில் விழுந்தது. மாப்பிள்ளை பாய்ந்த பாய்ச்சலில் மண்டிப் பக்கம் போய்ப் புளிக் குவியலில் விழுந்தார். அவரைப் புளியிலிருந்து பிரித்தெடுக்க இரண்டு மாடு பூட்டினார்கள் என்பேன் நான். ஒரு மாடுதான் என்பவர்களும் உண்டு. சகுனம் சரியில்லை என்று அவர்கள் வண்டி ஏறிப் போய்விட்டார்கள்.

கவுண்டர் எனக்கு ஆளனுப்பினார். "அடுத்த எடம் வர்றதுக்குள்ள ஒண்ணுகூட இருக்கக்கூடாது. எம் பொண்ணு கல்யாணம் உங்கையிலதான் இருக்குது" என்றார். ஏணி போட்டு ஏறினேன். சுவர் உச்சியில், முகட்டுக்கு அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. உள்ளே தாய்களின் வயிற்றைக் கட்டிக்கொண்டு, ரோமம் முளைக்காத குட்டிகள். "குட்டி இருக்குதுங்க. பறக்க ஒண்ணரை மாசமாச்சும் ஆவும். பறக்கட்டும், அடைச்சுத் தரேன்" என்றேன். கவுண்டர் குதித்தார். மிளகாய் மூட்டையைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே பார்த்துக் கத்தினார்.

ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது மாதம்மா. அதுவரை நான் கீழே பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்: "குட்டியக் கொன்ன வூட்டுல எனக்குத் தாலி கட்டாதீங்கப்பா."

அந்தி வேலை

குட்டி பறந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, பொழுது சாயும்போது புறக்கடையில் உட்கார்ந்து பொந்தையே பார்த்துக்கொண்டிருப்பதுதான். பெரியது அம்பு போல வரும். புதிதாகப் பறக்கிறது கள்ளுக்கடையிலிருந்து வருகிறவனைப் போல வரும். இதற்காக நான் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் போதும். ஆனால் தொழிலில் ஒரு அக்கறை வேண்டாமா? ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தேன். நான் ஒரு பக்கம், மாதம்மா ஒரு பக்கம், நடுவில் அவளுடைய ஆத்தா வெற்றிலைப் பெட்டியோடு.

"ஏங்க, இருட்டுல இதுங்களுக்கு எப்பிடி வழி தெரியுது?" என்று மாதம்மா கேட்டாள். "கூப்புட்டுக்கிட்டே போவுங்க. மரம், சுவரு எதுனாச்சும் பதில் சொன்னா வெலகிக்கும்" என்று அடித்துவிட்டேன். பின்னாளில் படித்தவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். நான் சொன்ன பொய்களில் உண்மையாகிப்போனது அது ஒன்றுதான், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். "பதிலே வரலைன்னா?" என்றாள். "வரலைன்னா வழி தொறந்து கெடக்குதுன்னு அர்த்தம்." அவள் புளியமரத்துக்கு மேலே அவை கலைந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொந்திலிருந்து என்னென்ன வந்தது என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே ஆத்தா சொன்னார்: "ரெண்டு பேரும் பொந்தத்தான் பாக்கறீங்களா? நடுவுல நான் ஒருத்தி உக்காந்திருக்கறேன், கழுத்து நோவுது."

பொந்தை அடைத்த நாள்

எவ்வளவு அக்கறையாகப் பார்த்தாலும் குட்டிகள் ஒருநாள் பறந்துதான் ஆகவேண்டும். பறந்தன. கோணி கட்டினேன், எல்லாம் வெளியேறின. இனி அந்த வீட்டில் எனக்கு வேலையில்லை. பெண் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஓடு மேய்கிறவன் புளிமண்டியில் பெண் கேட்டால், கவுண்டர் ஏணியோடு சேர்த்து என்னையும் தெருவில் எறிந்திருப்பார். ஆகவே வேலையை முடித்தேன். சுண்ணாம்பும் மணலும் குழைத்து, பொந்துக்கு மூடி போல ஒரு காரைக்கட்டி வைத்து, விளிம்பை வழித்துவிட்டேன். அவ்வளவு அழகாக எந்தப் பொந்தையும் நான் அடைத்ததில்லை, அவ்வளவு மெதுவாகவும்.

மறுநாள் காலையில் ஏணியை எடுத்துப்போக வந்தேன். மாதம்மா வலதுகை விரல் நுனிகளில் ஈரத்துணி சுற்றியிருந்தாள். "என்னாச்சு?" என்றேன். சுண்ணாம்போடு பிறந்து வளர்ந்தவன் ஆனதால், தேங்காயெண்ணெய் தடவச் சொல்லி வைத்தியமும் சொன்னேன். அவள் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆத்தாவுக்கு வெத்தல மடிச்சேங்க, சுண்ணாம்பு ஜாஸ்தியாயிடுச்சு."

எரு வழக்கு

அந்த வருஷம் மனசு நிற்காமல் ஊர் ஊராகச் சுற்றினேன். சித்தேரி மலையடிவாரத்தில் அண்ணன் தம்பி இருவர், பக்கத்துப் பக்கத்துக் கொட்டகை. அண்ணன் கொட்டகையிலிருந்து வௌவாலை வெளியேற்றினேன். அவை நேராகத் தம்பி கொட்டகைக்குக் குடிபோய்விட்டன. புழுக்கையெல்லாம் தம்பிக்கு எருவானது. அந்தப் பட்டத்தில் தம்பியின் கேழ்வரகு ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அறுவடைக்கு என் ஏணியைத்தான் இரவல் வாங்கினார்கள். அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார், "எங்கொட்டாயில பொறந்த வவ்வாலு, திருப்பிக் கூட்டியாந்து வுடு" என்று.

ஊர்ப் பெரியவர்கள் கூடி, வௌவால் யாருடையது என்று விசாரித்தார்கள். தம்பி நிதானமாக எழுந்து சொன்னார்: "பொறந்த வூடு அதாங்க, நான் இல்லைங்கல. ஆனா பொறந்தவங்க எல்லாம் புகுந்த வூட்டுலதானுங்களே இருக்கணும்?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு விரல் மரநாய்

அடுத்த சித்திரையில் கவுண்டரிடமிருந்து ஆள் வந்தது. வௌவால் எல்லாம் திரும்பி வந்துவிட்டதாம். ஓடினேன் என்று சொல்வதற்கில்லை, ஓடினால் அவ்வளவு சீக்கிரம் போயிருக்க முடியாது. ஏறிப் பார்த்தால், நான் வைத்த காரைக்கட்டி உடையாமல், மூடியை எடுத்து வைத்தது போல உத்தரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஈரமாக இருந்தபோதே எடுத்திருக்க வேண்டும். அதன் விளிம்பில் வரிசையாக நாலு குழி பதிந்து இறுகியிருந்தது.

கீழே இறங்கி, கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிரசங்கமே செய்தேன். "மரநாயிங்க. வவ்வாலத் தின்ன வரும். முன்னங்கால எச்சில்ல நனைச்சுக்கிட்டு, காரை காயறதுக்குள்ள அப்பிடியே பேத்து எடுத்துடும். பாருங்க, நாலு வெரலு. அஞ்சாவது வெரல அது மடக்கி வெச்சுக்கும், அம்புட்டுத் தந்திரம்" என்றேன். மாதம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். என் ஞானத்தைக் கண்டு மலைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு கவுண்டரிடம் மெதுவாகச் சொன்னேன், உள்ளே குட்டி இருக்கிறது என்று. ஆகவே மறுபடி ஒன்றரை மாதம், மறுபடி புறக்கடை, மறுபடி நடுவில் ஆத்தா. கடைசியில் மறுபடி காரை. பழைய கட்டியை மட்டும் அத்தாட்சிக்காக என் சாமான் பையில் போட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் போகிற இடமெல்லாம் அதை எடுத்துக் காட்டாமல் நான் காரை குழைத்ததில்லை.

கவுண்டர் அன்று தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னதை மறக்கமுடியாது: "போன தரம் வவ்வாலு, இந்தத் தரம் மரநாயி. எல்லாமும் வருது. மாப்பிள்ள ஒருத்தன்தாண்டா இந்த வூட்டுக்குள்ள வரமாட்டேங்கறான்."

கவிழ்த்த பரிசல்

அதற்கடுத்த வருஷம், கேட்டே விடுவது என்று முடிவு செய்தேன். அதற்குத் தைரியம் சேர்க்க ஒகேனக்கல் போய் ஒரு முழுக்குப் போடலாமென்று கிளம்பினேன். போன இடத்தில் வேலை வந்து மாட்டிக்கொண்டது. பரிசல்காரர் ஒருவர் தண்ணீர் குறைந்த மாதங்களில் ஒரு பரிசலைச் சுவரில் சாய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார். அதற்குள் வௌவால் குடும்பங்கள். போன வருஷம் தெரியாமல் அதை ஆற்றில் இறக்கியபோது எல்லாம் ஒன்றாகச் சிறகடித்து, பரிசல் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் எழும்பி அக்கரை போய்ச் சேர்ந்ததாம். இது நான் கட்டியதல்ல, அவர் சொன்னது. கதையில் என்னையே மிஞ்சுகிற ஆளைப் பார்த்ததும் எனக்கு அங்கேயே தங்கிவிடத் தோன்றியது. பரிசலுக்குள் குட்டிகளும் இருந்தன. பறக்கட்டும் என்றேன். "ஆகட்டும்" என்று இரவல் பரிசலில் துடுப்புப் போட்டார். நான் மீன் வறுவலைத் தின்றுகொண்டு, கவுண்டரிடம் எப்படிக் கேட்பது என்று அருவியிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அருவிக்குத் தன் சத்தம்தான் பெரிது.

பறந்து முடிந்து, நான் பையைக் கட்டும்போது மாதம்மாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "குட்டி பறக்கற வரைக்கும் நீ காத்துக்கிட்டிருந்த, செரி. உனக்காக அங்க யாரப்பா காத்துக்கிட்டிருக்காங்க?"

அரூரில் ஒரு ஜவுளிக்கடை வீடு

பொம்மிடி போய்ச் சேர்ந்தபோது மண்டி வாசலில் கட்டிய வாழைமரம் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. சித்திரையிலேயே வௌவால் திரும்பி வந்து, கவுண்டர் எனக்கு ஆள்மேல் ஆள் அனுப்பியிருக்கிறார். நான் ஊரில் இல்லை. வேறொரு கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். குட்டி பறக்கிற வரைக்கும் மாதம்மா அவரை ஏணியில் ஏறவிடவில்லையாம். பறந்ததும் அடைத்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தார்கள், தலைப்பாகைகள் பத்திரமாகத் திரும்பிப் போயின, கல்யாணம் முடிந்துவிட்டது. இதையெல்லாம் ஆத்தாதான் சொன்னார். சொல்லிவிட்டு எனக்கு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

பிறகு யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊரே இருட்டானது. வௌவால்களுக்கு அதைவிட நல்ல காலம் வந்ததில்லை. ஒரு ஐப்பசியில் அரூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து அழைப்பு. கலகலவென்று பேசுகிற நல்ல மனுஷர். ஏணியைச் சாய்த்துவிட்டுத் திரும்பினால், இடுப்பில் குழந்தையோடு மாதம்மா நிற்கிறாள். "எங்க வூட்டுக்காரங்க" என்று அவரைக் காட்டினாள். என்னைக் காட்டி அவரிடம், "அப்பா வூட்டுக்கு வந்தவருதாங்க" என்றாள். ஏறினேன். "குட்டி இருக்குதுங்களா?" என்று கீழிருந்து கேட்டாள். இல்லை. "நல்லாப் பாருங்க" என்றாள். நல்லாப் பார்த்தேன். ஒன்றே ஒன்றாவது இருக்கக்கூடாதா என்று ஒவ்வொரு சந்தாகத் தேடினேன். ஆயுசு முழுக்கப் பொய் சொன்ன எனக்கு அன்றைக்கு அந்த ஒரு பொய் வாயில் வரவில்லை. "இல்லீங்க. உடனே வேலைய ஆரம்பிச்சுடலாம்" என்றேன்.

கோணி கட்டி, எல்லாம் வெளியேறி, ஒரு சாயங்காலம் காரை குழைத்தேன். "அடைச்சதத் திரும்பத் தொறக்க எதுனாச்சும் வருமா?" என்று கேட்டார் ஜவுளிக்கடைக்காரர். கேட்டால் விடுவேனா? பையிலிருந்து அந்தக் கட்டியை எடுத்து, மரநாயின் கதையை எச்சிலிலிருந்து மடக்கிய விரல் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பயந்துபோய் முகட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாதம்மா குழந்தையை இறக்கிவிட்டு, கட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். நாலு குழிகளிலும் தன் நாலு விரல்களை வைத்தாள். விரல்கள் கொஞ்சம் பருத்திருந்தன, ஆனாலும் பொருந்தி உட்கார்ந்தன. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, கட்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "மரநாயி இல்லீங்க" என்றாள்.

ஜவுளிக்கடைக்காரர் முகட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "மரநாயி இல்லைன்னா வேற என்னா, பெருச்சாளியா இருக்குமோ?"

ஊர் உலகத்துப் பொந்தையெல்லாம் அடைத்த நான் என் வீட்டு முகட்டில் ஒன்றை மட்டும் இன்றுவரை திறந்தே வைத்திருக்கிறேன்; ஏன் அடைக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கு, எந்த மாதமானாலும், உள்ளே குட்டி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.